எட்டு என்றால் எட்டு

பிப்ரவரி 9

தங்கச்சிக்கு,

நீ போனில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டதைப் பார்த்தேன். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் கத்தியிருப்பேன், நீ ஏதாவது ஜோக் அடித்துச் சமாளித்திருப்பாய், என் கோபம் பாதியிலேயே நமத்துப் போயிருக்கும். இந்தத் தடவை அது நமத்துப் போகக் கூடாது. அதனால்தான் கடிதம். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

என் மகள் பிழைத்துவிட்டாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கிறாள். இப்போது மூச்சு சீராக வருகிறது.

நடந்ததைக் கேள். போன செவ்வாய்க்கிழமை மதியம் நான் ஓட்டுகிற பள்ளி வேனுக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள், காலும் முதுகும் வலிக்கிறதாம் என்று. காலி வேனிலேயே அவளை ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அவசரப் பிரிவில் ஒரு டூட்டி டாக்டர், இளவயது, கழுத்தில் புது ஸ்டெதாஸ்கோப். சிக்கிள் செல் என்று சொன்னேன். ரத்த அணு அரிவாளாக வளைந்து குழாயை அடைத்துக்கொள்ளும், அதனால் வரும் வலி என்று விளக்கக்கூடச் செய்தேன். தெரியும் தெரியும் என்றான். பத்துக்கு எத்தனை வலி என்று அவளைக் கேட்டான். ஒன்பது என்றாள். சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற நர்சிடம் உன் ஒட்டகச்சிவிங்கி ஜோக்கைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு கையில் போன், அதில் கட்டை அடுக்குகிற விளையாட்டு.

அந்த ஆள் அவளையே பார்த்தான். பிறகு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒன்பது வலி இருக்கறவங்க இப்படிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டாங்கம்மா." அப்புறம் குரலைத் தாழ்த்தி நர்சிடம், "ஊசிக்குப் பழகின கேஸா இருக்கும். மாத்திரை குடுத்து அனுப்புங்க." தாழ்த்தின குரல் எனக்குக் கேட்காது என்று நினைத்தான் போலிருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளையை, போதைக்கு வந்தவள் என்கிறான். மாத்திரையோடு வீட்டுக்கு வந்தோம். மறுநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட முடியாமல் தவித்தாள். ரத்தப் பிரிவு பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, அடைப்பு நுரையீரலுக்குப் போயிருக்கிறது, நேற்றே ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்டார், தெரிகிறதா.

அவளுக்கு அப்படிச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்தது யார்? கோடை விடுமுறையில் உன் மையம் இந்த நோய்ப் பிள்ளைகளுக்கு நடத்துகிற முகாமுக்கு அனுப்பினேனே, அங்கேதானே. வலி வந்தால் வாயைச் சும்மா விடாதே, மனதைச் சும்மா விடாதே, ஜோக் சொல், விளையாடு, வலிக்கு முகம் கொடுக்காதே. நம் வாயாடிதான் முகாமிலேயே முதல் என்று பெருமையாகச் செய்தி அனுப்பினாய். நன்றாகத்தான் கற்றுக்கொண்டாள். அந்தப் படிப்பு அவளைக் கொல்லப் பார்த்தது.

டாக்டர் மேல் கோபம் இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது, அது தனிக்கணக்கு. அவன் யாரோ. நீ என் கூடப் பிறந்தவள்.

உன் மையத்தின் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடு. உன் ஆட்கள் யாரும் வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மையத்து மாடிப்படியில் நின்றபடியே படித்தேன். கீழே அச்சகத்துக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதாவது துக்கச் செய்தியா என்று கேட்டார். இல்லை, பாசமலர் ஒன்று வந்திருக்கிறது என்றேன்.

வாயாடி பிழைத்துவிட்டாள் என்ற வரியை மறுபடி மறுபடி படித்தேன். அதற்காக உன் மற்ற வரிகளையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

அந்த மாதிரிக் கட்டிலில் நானும் படுத்தவள்தான் அக்கா. உனக்கு நோய் ஒட்டாமல் போனது, எனக்கு வந்தது. நம் அம்மா அப்பா கொடுத்ததில் நீ தப்பித்தாய் என்று குறை சொல்லவில்லை. ஆனால் வலி எப்படி இருக்கும் என்று எனக்கு நீ சொல்லித்தர வேண்டியதில்லை. எலும்புக்குள் யாரோ திருகாணி முடுக்குகிற நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் கையில் என்ன இருக்கிறது? மருந்து டாக்டர் கையில். வண்டி அம்மா கையில். அவள் கையில் இருப்பது அவள் மனது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு எப்படித் தாக்குப்பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். அதற்காக என்னைக் கூண்டில் ஏற்றுகிறாய்.

அழுது புரண்டால்தான் நம்புவேன் என்கிறவன் டாக்டரா, நாடகக் கம்பெனி முதலாளியா? கை ஒடிந்தவனிடம் அழுது காட்டு என்று கேட்பானா? ஒரு பெண் பிள்ளை வாயைத் திறந்து ஒன்பது என்று சொல்கிறாள். அதில் எந்த எழுத்து அவனுக்குப் புரியவில்லை? நீ திட்ட வேண்டியவனை விட்டுவிட்டு, அடிக்க வாகாக இருக்கிறவளை அடிக்கிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இதே பழக்கம்தான்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள். உங்கள் ஊரில் எங்கள் துணையாள் இருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில்தான் வீடு. இந்த மாதிரி நேரத்தில் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து, பிள்ளைக்காகப் பேசத்தானே அவரை வைத்திருக்கிறோம். அவருடைய பேரனுக்கும் இதே நோய். அவரை ஏன் கூப்பிடவில்லை?

ஆஸ்பத்திரிக்குப் புகார் எழுதிவிட்டேன். காரசாரமாகவே எழுதியிருக்கிறேன். பெயரை எடுக்கச் சொன்னாயே, எடுக்க மாட்டேன். அது வாயாடியின் பெயர், அவள் சொல்லட்டும்.

நான் நன்றாக இருக்கிறேன். நீ கேட்க மாட்டாய் என்பதால் நானே சொல்லிவைக்கிறேன்.

உன் கூடப் பிறந்த குற்றவாளி


பிப்ரவரி 27

தங்கச்சிக்கு,

கண்டக்டரை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டாய். மழைக்காலத்தில் ஒருமுறை கூப்பிட்டேன். வந்தார். டிக்கெட் எடுக்காதவனை இறக்கிவிடுகிற தோரணையில் வார்டு முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார். அவர் சொன்னது அத்தனையும் நியாயம். ஆனால் அவர் வீட்டுக்குப் போய்விட்டார், நாங்கள்தான் அங்கேயே கிடந்தோம். அதற்குப் பிறகு எங்கள் கட்டில் பக்கம் யாரும் திரும்பவில்லை. ட்ரிப்ஸ் பாட்டில் மாற்றக்கூட நான் கெஞ்ச வேண்டியிருந்தது. நியாயம் பேசிவிட்டுக் கிளம்பிப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீயும் அதில் சேர்த்திதான். உட்கார்ந்த இடத்திலிருந்து காரசாரமாக எழுதிவிட்டாயாம்.

வாயாடி வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த பிறகு நான் என்ன செய்கிறேன் தெரியுமா? அவளுக்கு அழக் கற்றுக்கொடுக்கிறேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாப்பாடு முடிந்ததும் நடுக்கூடத்தில் பாயைப் போட்டு அவளைப் படுக்க வைக்கிறேன். நான் டாக்டர். எத்தனை என்று கேட்கிறேன். அவள் ஒன்பது என்று சொல்லக் கூடாது, முதலில் முனக வேண்டும். கையை முறுக்க வேண்டும். கண்ணை என் மேல் வைக்கக் கூடாது, கூரையைப் பார்க்க வேண்டும். போனைத் தொடவே கூடாது. நன்றாக இருக்கும் பிள்ளையை நான் படுக்க வைத்து நோயாளியாக நடிக்கப் பழக்குகிறேன். அவள் முனகப் போய் அது மாடு கத்துகிற மாதிரி வந்துவிடும். சிரித்துவிடுவாள். நான் அதட்டுவேன். மறுபடி முதலிலிருந்து.

உன் மாமா லேத் பட்டறையிலிருந்து வந்தவர் நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டு, பின்கட்டுக்குப் போய்விட்டார். கை கழுவுகிற தண்ணீர் வெகு நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

நேற்று அவள் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்துகொண்டாள். "அம்மா, நிஜமா வலிக்கும்போது இவ்வளவெல்லாம் செய்யத் தெம்பு இருக்காதும்மா" என்றாள். தெம்பில்லாவிட்டாலும் செய்யத்தான் வேண்டும் என்றேன். அந்த வார்த்தையை என் வாய்தான் சொன்னது.

நீ ஜோக் சொல்லிக்கொடுத்தாய், நான் ஒப்பாரி சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பிள்ளைக்குத் தன் வலியைத் தன் இஷ்டப்படி பட்டுக்கொள்ளக்கூட வழியில்லை. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அதனால் எல்லார் மேலும் படுகிறேன்.

அக்கா


மார்ச் 8

அக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து அந்தப் பாய் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கேலி செய்யலாம் என்று பேனாவை எடுத்தேன். நல்ல டைரக்டர் கிடைத்திருக்கிறாள் வாயாடிக்கு என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மையத்தில் பெற்றோர் கூட்டம். பெயர் சொல்லாமல் இப்படி ஒரு வீட்டில் நடக்கிறது என்றேன். யாராவது ஐயோ என்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு காய்கறிக் கடைக்கார அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். அவள் மகனுக்கும் அழச் சொல்லிக்கொடுத்திருக்கிறாளாம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் தலையைக் கலைத்துவிடுவாளாம். வாட்ச்மேன் தம்பதி மகளுக்கு நல்ல சட்டையே போட்டுக் கூட்டிப்போவதில்லையாம், நன்றாக உடுத்தினால் வலி இல்லை என்று சொல்லிவிடுகிறார்களாம். ஒருவர், அழுதாலும் அளவாக அழ வேண்டும், அதிகமாக அழுதாலும் ஊசிக்காக நடிக்கிறது என்கிறார்கள் என்று விளக்கம் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் முன் அறையில் ஜோக் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறேன், இவர்கள் பின் அறையில் வெந்நீர்ப் பைகளைக் கழுவிக்கொண்டே ஒருவருக்கொருவர் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறார்கள். வருடக்கணக்காக. மையத்தை நடத்துகிற எனக்கு மட்டும் தெரியாது. என்னிடம் சொன்னால் நான் வருத்தப்படுவேனாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கூட்டத்தைப் பாதியில் முடித்துவிட்டேன். எத்தனை வீட்டுக் கூடத்தில் எத்தனை பாய் விரித்திருக்கிறார்கள் அக்கா. நோயோடு மாரடிப்பது போதாதென்று நம்பவைக்கவும் உழைக்க வேண்டுமா?

என் புகாருக்கு உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்திருக்கிறது. மிகவும் வருந்துகிறார்களாம். இனி இப்படி நேராமல் இருக்க, 'வலியைச் சரியாகத் தெரிவிப்பது எப்படி' என்று குடும்பங்களுக்குத் துண்டுப் பிரசுரம் அடித்துத் தருவார்களாம். நாம் சரியாகச் சொல்லாததுதான் தப்பாம். அவர்கள் காது சுத்தமாம்.

போனில் பிடித்து உலுக்கியதில் கண்காணிப்பாளர் ஒரு கூட்டத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். வரும் வியாழன், காலையில். அந்த டூட்டி டாக்டரும் இருப்பார். நாம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: சிக்கிள் செல் நோயாளி ஒரு எண் சொன்னால் அதுதான் எண். முகத்தைப் பார்த்துக் கழிக்கக் கூடாது. முதலில் வலிக்கு ஊசி, மற்றதெல்லாம் பிறகு. இதை எழுத்தில் வாங்க வேண்டும்.

நீ போ. வாயாடியும் வரட்டும், விருப்பம் இருந்தால். கண்டக்டரிடம் பேசிவிட்டேன், வாயைத் திறக்க மாட்டார், சத்தியம் வாங்கியிருக்கிறேன். நானே வர வேண்டியது. இங்கே மையத்தில் ஆள் இல்லை, விட்டுவிட்டு ரயில் ஏற முடியாது. மற்றபடி நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். அச்சகத்துக்காரர், என்னை மாதத்துக்கு ஒரு தரம் ஓவராயிலிங் செய்ய வேண்டிய பழைய மெஷின் என்கிறார். நான் அவரை இங்க் தீர்ந்த டப்பா என்கிறேன். பொழுது நன்றாகப் போகிறது.

போவாய்தானே?

தங்கச்சி


மார்ச் 16

தங்கச்சிக்கு,

போனேன். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், எனக்கே இன்னும் ஒழுங்காகப் பிடிபடவில்லை.

மேல் மாடியில் ஒரு நீள மேசை போட்ட அறை. கதவைத் திறந்ததும் ஏசி காற்று முகத்தில் அறைந்தது. குளிர் பட்டாலே இந்தப் பிள்ளைகளுக்கு வலி கிளம்பும் என்று உலகத்துக்கே தெரியும். சிக்கிள் செல்லைப் பற்றிப் பேச அழைத்துவிட்டு ஐஸ் பெட்டிக்குள் உட்கார வைக்கிறார்கள். குறைக்கச் சொன்னேன். ரிமோட் நிர்வாகப் பிரிவில் இருக்கிறது, அந்த ஆள் லீவு என்றார்கள். என் துப்பட்டாவை அவள் ஸ்வெட்டருக்கு மேல் சுற்றிவிட்டேன்.

கண்காணிப்பாளர், நர்சுகளின் தலைவி, அந்த டூட்டி டாக்டர், இன்னும் சிலர். நான் எழுதி வைத்ததைப் படித்தேன். கண்காணிப்பாளர் தாடையைத் தடவிக்கொண்டு, வலி என்பது அவரவர் உணர்வு, அளக்கக் கருவி கிடையாது, டாக்டர்களுக்கும் சிரமம் இருக்கிறது என்று இழுத்தார். கண்டக்டர் சத்தியத்தைக் காப்பாற்ற மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாவம், முகம் சிவந்துவிட்டது.

பிறகு வாயாடியைப் பேசச் சொன்னார்கள். அவள் அன்றைக்கு நடந்ததை நடித்தே காட்டினாள். டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்வது, நர்ஸ் மாத்திரை எண்ணுவது, நான் டீசல் வாசனையோடு சண்டைக்கு நிற்பது. அப்புறம் வீட்டில் பாய் போட்டு நான் நடத்திய பாடம், மாடு கத்துகிற முனகல் சகிதம். எல்லோரும் சிரித்தார்கள். அந்த டூட்டி டாக்டர்கூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எல்லாருக்கும் முந்திச் சிரித்தது நான்தான்.

கண்காணிப்பாளருக்கு மனது இளகிவிட்டது. இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைக்கு இனி ஒரு குறையும் வராது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுத்தில் எதுவும் கிடையாது, தட்டிக்கொடுத்து அனுப்புகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மரியாதைக்குக் கேட்டார்.

"ஆமா சார்" என்றாள். "எனக்கு இப்ப எட்டு. வந்து உக்காந்ததுலேருந்து ஏறிக்கிட்டே இருக்கு."

சிரித்த முகம் மாறவே இல்லை. துப்பட்டாவுக்குள் கை மட்டும் தொடையைப் பிடித்திருந்தது.

அப்போது என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "விளையாடாதடி." பெற்றவள் சொன்னது அது. அந்த டாக்டர் சொன்னதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், முழங்கை முழங்கையில் இடிக்கிற தூரம். எனக்குத் தெரியவில்லை. என் மகள் வலியை நான் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று இத்தனை நாள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டூட்டி டாக்டர் எழுந்து வந்து அவள் முகத்தைப் பார்த்தார். தேடினார். நானும் தேடினேன். அங்கே ஒன்றும் இல்லை. "எட்டுன்னா எட்டு" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடி, அவரே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கண்காணிப்பாளர் அப்போதும், ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து உறுதி செய்துகொள்ளலாமே என்கிறார். அவ்வளவு நேரம் என்ன கேட்டுக்கொண்டிருந்தாரோ. "அப்புறம் எடுக்கலாம் சார்" என்று டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார். கீழே இறங்கியதும் ஊசி போட்டார்கள். யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அவள் தூங்கிவிட்டாள்.

நான் மறுபடி மேலே ஏறிப் போனேன். எழுத்தில் கொடுக்காமல் இந்த அறையை விட்டுப் போக மாட்டேன் என்று உட்கார்ந்தேன். கண்டக்டர் அப்போதுதான் சத்தியத்தை மீறினார். நன்றாகவே மீறினார். கையெழுத்தோடு உத்தரவு வந்தது. அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், பொடி எழுத்தில், தீயணைப்புக் கருவிக்குப் பின்னால். மறுநாளே கண்டக்டர் பெரிதாக நகலெடுத்துக் கதவிலேயே ஒட்டிவிட்டார்.

டாக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் மன்னித்துவிடவில்லை. ஒரு நாள் சரியாக நடந்துகொண்டதற்காக எல்லாம் சரியாகிவிடாது. அடுத்த வாரத்திலிருந்து வேன் சவாரி முடிந்ததும் நான் அங்கே துணையாளாக உட்காரப் போகிறேன். சத்தம் போட்டுவிட்டுக் கிளம்ப மாட்டேன். பாயைச் சுருட்டிப் பரணில் போட்டாயிற்று.

இப்போது உன் விஷயம். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவளைத் திட்டினேன். கூட்டம் முடியட்டும் என்று இருந்தாளாம். சித்தி அப்படித்தான் இருப்பாங்க என்றாள். முகாமில் உனக்கு வலி அதிகமான அன்றைக்குத்தான் ஜோக்கும் அதிகமாம், பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியுமாம். உன் கடைசிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அச்சகத்துக்காரர், ஓவராயிலிங், குத்துக்கல். மையத்தில் ஆள் இல்லை, அதனால் ரயில் ஏற முடியாதாம். பெற்றோர் கூட்டத்தை ஆத்திரத்தில் பாதியில் முடித்தாயாம்.

யார் காதில் பூ சுற்றுகிறாய்? நான் உன் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. பார்த்தாலும் எனக்குத் தெரியாது என்று இப்போது எனக்கே தெரியும். அதனால் கேட்கிறேன்.

உனக்கு எத்தனை?

அக்கா


மார்ச் 20

அக்கா,

ஏழு. இடுப்பில். பிப்ரவரியிலிருந்தே இருக்கிறது. எழுந்து நடக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இங்கே யாருக்கும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தைரியம் சொல்கிறவள் நான்.

வேன் சவாரிக்கு மாற்று ஆள் பார்த்துவிட்டு வா. வந்ததும் என்னோடு இங்கே ஆஸ்பத்திரியில் உட்கார். நான் அங்கே ஏழு என்று சொல்வேன். அதற்கு மேல் என்னால் பேச முடியாது, நீ பேசு.

தங்கச்சி